தாயின் மார்பே சிகிச்சை: தாய்க்குப் படுக்கை எங்கே?

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: தலைநகரின் ரிங் ரோடும் ஸ்ரீ அரவிந்தர் மார்க்கும் சந்திக்கும் இடத்தில் இரண்டு பெரிய மருத்துவமனைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, நாடறிந்த எய்ம்ஸ். மற்றொன்று சப்தர்ஜங். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காகத் தொடங்கப்பட்டு, 1954-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்த மருத்துவமனை அது. ஏழை எளியோரின் கூட்டம் நாள் முழுவதும் அதன் வாயிலில் அலைமோதும். அமைச்சர்களும் எம்.பி.க்களும் உடல்நலம் குன்றினால் பெரும்பாலும் சாலையின் மறுபுறமே செல்கின்றனர்.

ஆனால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளை எப்படிக் காப்பது என்பதில் உலக சுகாதார நிறுவனமே தனது அறிவுரையை மாற்றி எழுதக் காரணமாக இருந்த ஆய்வின் இந்தியக் களம் இந்த சப்தர்ஜங்தான். அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் இறக்குமதி செய்யப்படவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாயின் படுக்கையும் கொண்டுவந்து போடப்பட்டது. அடிப்படை மாற்றம் அவ்வளவே.

அந்த ஒரு மாற்றம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதற்கு அறிவியல் சான்று உள்ளது. அதை நாடெங்கும் நடைமுறைப்படுத்த என்ன தேவை என்பதோ அறிவியலின் கையில் இல்லை. படுக்கை, உணவு, விடுப்பு, ஊதியம் ஆகிய நான்கும் அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்ய வேண்டியவை.

சப்தர்ஜங்கில் என்ன நடந்தது?

கர்ப்ப காலம் 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். அவ்வாறு பிறக்கும் குழந்தையின் உடலில் கொழுப்பு குறைவு, தோல் மெல்லியது. தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. உடல் குளிர்ந்தால் மூச்சு தடுமாறும். ரத்தத்தில் சர்க்கரை அளவு குறையும். தொற்று எளிதில் பற்றும். எனவேதான் இன்குபேட்டரும், மேலிருந்து வெப்பத்தைப் பாய்ச்சும் வார்மர் படுக்கையும் வந்தன. குழந்தை கண்ணாடிக்கு உள்ளே. தாய் பிரசவ வார்டில் அல்லது கதவுக்கு வெளியே. இதுதான் பல்லாண்டுகளாக உலகெங்கும் இருந்துவரும் ஏற்பாடு.

குழந்தையைத் தாயின் வெற்று மார்பின் மீது நேராக நிறுத்தி, துணியால் அணைத்துக் கட்டி, தோலோடு தோல் படும்படி வைத்திருப்பதே கங்காரு பராமரிப்பு. கங்காரு தன் வயிற்றுப் பையில் குட்டியைச் சுமப்பதுபோல இருப்பதால் இந்தப் பெயர். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடைத்துணி மட்டும் போதும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்; மூச்சுப் பாதை தடைபடாது. தாயின் உடல் வெப்பமே குழந்தையைக் காக்கும். பால் பக்கத்திலேயே இருக்கிறது. தாயின் உடலில் இயல்பாக இருக்கும் தீங்கற்ற நுண்ணுயிரிகள் குழந்தையின் தோலில் குடியேறி, மருத்துவமனைக் கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்வதாகவும் மருத்துவர்கள் விளக்குகின்றனர்.

இதன் பயன் முன்பே அறியப்பட்டதுதான். ஆனால், குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே தாயிடம் கொடுக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. இங்கே ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. பிறந்த முதல் சில நாள்களில்தான் குறைமாதக் குழந்தைகளின் இறப்பு அதிகம். சிகிச்சை மிக அதிகமாகத் தேவைப்படும் நாள்களில் அது மறுக்கப்பட்டு, ஆபத்தைத் தாண்டி வந்த குழந்தைகளுக்கே வழங்கப்பட்டது.

உடல்நிலை சீராகும் வரை காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை காண இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 2017 நவம்பரில் ஆய்வு தொடங்கியது. இந்தியாவில் வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த சப்தர்ஜங் மருத்துவமனை தேர்வு செய்யப்பட்டது. மருத்துவர்கள் ஹரீஷ் செல்லானி, சுகந்தா ஆர்யா உள்ளிட்டோர் இதில் பங்கேற்றனர்.

பிறப்பு எடை 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பு. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை, உடல்நிலை சீரான பிறகு கங்காரு பராமரிப்பு. முதல் பிரிவினர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் தாயின் அல்லது உறவினரின் மார்பில் இருந்தனர். இரண்டாம் பிரிவினருக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்.

2021 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவுகள் வெளியாயின. 28 நாள்களுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 15.7 சதவீதம், உடனடிக் கங்காரு பராமரிப்பு பெற்ற பிரிவில் 12 சதவீதம். அதாவது, இறப்பில் கால் பங்கு குறைந்தது. 27 குழந்தைகளுக்கு இந்த முறையில் சிகிச்சை அளித்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பயன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால், ஆய்வைத் தொடர்வது முறையாகாது என்று கண்காணிப்புக் குழு பரிந்துரைத்தது. குறித்த காலத்துக்கு முன்பே 2020 ஜனவரியில் குழந்தைகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

தாய் உள்ளே வந்தால் தொற்றும் உடன் வரும் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலமாக நிலவிய அச்சம். முடிவு அதற்கு நேர் எதிராக இருந்தது. ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட குழந்தைகள், தாயுடன் இருந்த பிரிவில் 22.9 சதவீதம், தாயைப் பிரிந்திருந்த பிரிவில் 27.8 சதவீதம். உடல் குளிர்ந்துபோகும் நிலையும் முதல் பிரிவிலேயே குறைவு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது தீவிர சிகிச்சைக்கு மாற்று அல்ல. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாக மூச்சுவிட இயலாத குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களுக்கும் மூச்சுக்கு உதவும் கருவி, மருந்து, கண்காணிப்பு அனைத்தும் தாயின் மார்பில் இருந்தபடியே அளிக்கப்பட்டன. கருவிகளை அகற்றிவிட்டுத் தாயைக் கொண்டுவரவில்லை. கருவிகள் இருக்கும் இடத்துக்குத் தாயைக் கொண்டுவந்தார்கள்.

அதற்காக சப்தர்ஜங்கில் மகப்பேறு மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. பிரசவித்த தாயும் ஒரு நோயாளிதான். அறுவைச் சிகிச்சைக் காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டும். ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். குழந்தைகள் வார்டில் இதையெல்லாம் யார் செய்வது? இரு துறைகளுக்கும் இடையே இருந்த சுவரைத் தகர்த்து, தாய்க்கும் சேய்க்கும் ஒரே கூரையின் கீழ் சிகிச்சை என்ற ஏற்பாடு உருவாக்கப்பட்டது. இன்று தாய்-சேய் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று உலகம் பேசுவது இதைத்தான்.

2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, இயன்ற அளவு அதிகமாகத் தொடர வேண்டும் என்றது. இதனால் ஆண்டுக்கு 1,50,000 உயிர்கள் வரை கூடுதலாகக் காக்கப்படலாம் என்றும் மதிப்பிட்டது.

ஏழைகளின் மாற்று என்ற ஏளனம்

இந்த முறை பிறந்ததே பற்றாக்குறையில்தான். தென் அமெரிக்க நாடான கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் உள்ள தாய்-சேய் நல மருத்துவமனையில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே இன்குபேட்டரைப் பல குழந்தைகள் பகிர்ந்துகொண்டன, தொற்று பரவியது, இறப்பு பெருகியது. பிரிந்திருந்த தாய்மார்களில் சிலர் குழந்தையை மருத்துவமனையிலேயே விட்டுச் சென்றனர். எட்கர் ரே சனாப்ரியா, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தைகளைத் தாயின் மார்பில் கட்டி அனுப்பத் தொடங்கினர்.

ஏழை நாடுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்ற பார்வை நெடுநாள் நீடித்தது. வசதி உள்ளவர்களுக்கு இன்குபேட்டர். இல்லாதவர்களுக்குத் தாயின் மார்பு என்ற எண்ணம் இந்திய மருத்துவமனைகளையும் விட்டுவைக்கவில்லை. அகமதாபாத்தில் 1990-களின் நடுப்பகுதியிலேயே இம்முறை தொடங்கிவிட்டது. எனினும், மத்திய சுகாதார அமைச்சகம் கங்காரு பராமரிப்புக்கான செயல்பாட்டு வழிகாட்டுதலை வெளியிட்டது 2014 செப்டம்பரில்தான்.

இடைப்பட்ட ஆண்டுகளில் சான்றுகள் குவிந்துவிட்டன. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் எம். ஜீவா சங்கர் உள்ளிட்டோர் 31 ஆய்வுகளில் இடம்பெற்ற 15,559 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் கங்காரு பராமரிப்பு இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது அவர்களது முடிவு. இத்தகைய பயன் ஒரு மருந்துக்கு இருந்திருந்தால், அது எல்லா மருத்துவமனைகளின் கொள்முதல் பட்டியலிலும் எப்போதோ இடம்பெற்றிருக்கும்.

கிராமங்களின் சாட்சியம்

மருத்துவமனைக்கு வெளியேயும் இம்முறை சோதிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்தை அரசியல் அறிந்த வாசகர்கள் வேறு காரணத்துக்காக நன்கறிவர். அம்மாவட்டத்தின் சிவ்கட் வட்டாரத்தில், குழந்தையைத் தோலோடு தோல் அணைத்தல், தாய்ப்பால், தூய்மை ஆகியவற்றைக் கிராம மக்களின் வழக்கத்தோடும் நம்பிக்கையோடும் இணைத்துப் பரப்பினர் மருத்துவர் விஸ்வஜீத் குமார் தலைமையிலான குழுவினர். பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 54 சதவீதம் குறைந்ததாக 'லான்செட்' இதழ் 2008-இல் வெளியிட்ட கட்டுரை தெரிவித்தது.

தலைநகரை ஒட்டிய ஹரியாணாவின் ஃபரீதாபாத், பல்வல் மாவட்டங்களில் 2015 முதல் 2018 வரை மற்றோர் ஆய்வு நடந்தது. ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோ வரை எடையுள்ள 8,402 குழந்தைகள். பணியாளர்கள் வீடு தேடிச் சென்று தாய்மார்களுக்குக் கங்காரு முறையைக் கற்றுக்கொடுத்தனர். முதல் 28 நாள்களில் இறப்பு 30 சதவீதமும், ஆறு மாதத்துக்குள் 25 சதவீதமும் குறைந்தது. அந்தத் தாய்மார்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 11 மணி நேரம் அளவில் குழந்தையை மார்பில் வைத்திருந்தனர்.

அந்த 11 மணி நேரத்தில் அடுப்பைப் பற்ற வைத்தது யார்? மாட்டுக்குத் தீவனம் போட்டது யார்? மூத்த குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியது யார்? மாமியாரும் கணவரும் வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல் இது நடந்திருக்க முடியாது. எனவேதான் இம்முறையைக் கற்றுத் தருவோர் குடும்பம் முழுவதையும் அமர வைத்துப் பேசுகின்றனர். தந்தையின் மார்பும் குழந்தைக்கு வெப்பம் தரும்; பாட்டியின் மார்பும் தரும். பால் மட்டுமே தாய்க்கு உரியது.

இங்கேதான் இந்த விவகாரத்தின் மையம் இருக்கிறது. கங்காரு பராமரிப்பைச் 'செலவில்லாத சிகிச்சை' என்று அரசு ஆவணங்களும் மேடைப் பேச்சுகளும் புகழ்வது வழக்கம். அது செலவில்லாத சிகிச்சை அல்ல. நாளொன்றுக்கு 17 மணி நேரம் ஒரு பெண்ணின் உடலும் உழைப்பும் அதன் விலை. அந்த விலையை இன்று அவள் ஒருத்தியே கொடுக்கிறாள்; அல்லது கொடுக்க முடியாமல் பின்வாங்குகிறாள்.

வார்டுக்கு வெளியே

இந்தியாவில் பச்சிளம் குழந்தைகளுக்கான கட்டமைப்பு கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது என்பதை மறுக்க இயலாது. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் 2003-இல் தொடங்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு முன்மாதிரியாக அமைய, இன்று நாடெங்கும் இத்தகைய பிரிவுகள் ஆயிரத்துக்கும் மேல் இயங்குகின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிகிச்சை பெறுகின்றனர்.

பலனும் தெரிகிறது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 நாள்களுக்குள் இறப்போர் எண்ணிக்கை 2014-இல் 26 ஆக இருந்தது; 2021-இல் 19 ஆகக் குறைந்தது. கேரளத்தில் இது 4, தில்லியில் 8, தமிழகத்தில் 9. ஆனால், 2014-இல் அறிவிக்கப்பட்ட இந்தியப் பச்சிளம் குழந்தைகள் செயல்திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் நாடு முழுவதும் இதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவது. அந்த இலக்கை எட்ட வேண்டுமானால், எஞ்சியிருக்கும் இறப்புகளின் முதன்மைக் காரணமான குறைப்பிரசவத்தை எதிர்கொண்டே தீர வேண்டும். 2020-இல் மட்டும் இந்தியாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலகில் ஐந்து குறைமாதக் குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது.

இவ்வளவு பிரிவுகள் கட்டப்பட்டபோதும், அவற்றின் அடிப்படை வடிவம் மாறவில்லை. அவை குழந்தைக்காகக் கட்டப்பட்டவை; தாய்க்காக அல்ல. வார்மர் படுக்கைக்கு அருகில் ஒரு நாற்காலி போடவும் இடமில்லாத வார்டுகள் உண்டு. குறித்த நேரத்துக்கு உள்ளே சென்று, பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, தாய் வெளியே வந்து தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் காட்சி நம் அரசு மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. தன் குழந்தையைக் காணத் தாய் அனுமதி கேட்டு நிற்கிறாள். சிகிச்சையே அவள்தான் என்று அறிவியல் சொல்கிறது. பார்வையாளர் என்று வார்டு விதி சொல்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 ஆம் ஆண்டுக் கணக்கு இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம் மட்டுமே. தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததில் நாம் வென்றோம்; வந்த பிறகு தாயையும் குழந்தையையும் ஒன்றாக வைத்திருப்பதில் வெல்லவில்லை.

மாற்றத்துக்கான முயற்சி இல்லாமல் இல்லை. நாடாளுமன்ற வளாகத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், பெற்றோரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அனுமதித்து, கை கழுவுதல் முதல் பாலூட்டுதல் வரை பயிற்றுவித்து, பராமரிப்பில் பங்கெடுக்கச் செய்யும் முறை உருவாக்கப்பட்டது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2017-இல் வெளியிட்டது. ஹரியாணாவின் சோனிபட், கர்நாடகத்தின் கொப்பள், உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டங்களில் நடந்த செயலாக்க ஆய்வுகள், அரசு மருத்துவமனைகளிலேயே கங்காரு பராமரிப்பைப் பெருமளவு விரிவாக்க முடியும் என்று காட்டின.

வழிகாட்டுதல் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. ஆனால் வழிகாட்டுதல் என்பது உரிமை அல்ல. மருத்துவமனைத் தலைவர் மனம் வைத்தால் தாய் உள்ளே; அவர் மாறுதலாகிச் சென்றால் மீண்டும் தாழ்வாரத்தில்.

உணவு மூன்று நாள். சிகிச்சை ஆறு வாரம்

2011 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் போற்றத்தக்க ஒன்று. அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, பரிசோதனை, வாகன வசதி அனைத்தும் இலவசம் என்று அது உறுதியளித்தது. தாய்க்கு இலவச உணவும் உண்டு: சுகப்பிரசவமானால் மூன்று நாள்கள் வரை, அறுவைச் சிகிச்சையானால் ஏழு நாள்கள் வரை. நிறைமாதப் பிரசவத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தை வீடு திரும்ப ஐந்து வாரமோ ஆறு வாரமோ ஆகலாம். நான்காம் நாளிலிருந்து அந்தத் தாய் எங்கே உண்பாள், எங்கே உறங்குவாள்? தான் பட்டினி கிடந்து பால் சுரக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

பணியில் இருக்கும் பெண்களின் நிலையைப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு திருத்தத்தின் மூலம் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டபோது மக்களவையிலும் மாநிலங்களவையிலும் கட்சி வேறுபாடின்றி வரவேற்பு இருந்தது. ஆனால் அந்த 26 வாரங்களைச் சட்டம் எண்ணுவது குழந்தை எப்போது பிறந்தாலும் ஒன்றுபோலத்தான். 28-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தை இரண்டு மாதம் மருத்துவமனையில் கழித்து வீடு திரும்பும்போது, தாயின் விடுப்பில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்திருக்கும். மருத்துவக் கணக்கில் அந்தக் குழந்தை அப்போதுதான் 'பிறந்திருக்க' வேண்டும்.

குறைப்பிரசவம் என்ற சொல்லே சட்டத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குறைப்பிரசவத்தால் ஏற்படும் நோய்க்காக ஒரு மாதம் வரை ஊதியத்துடன் கூடுதல் விடுப்பு அளித்தது. ஆனால் அந்தச் சலுகை, நோயுற்ற தாய்க்கு. நோயுற்ற குழந்தையைக் காக்கும் தாய்க்கு அல்ல. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது மகப்பேறு பயன்கள் அதன் ஓர் அத்தியாயமாயின. பழைய சட்டத்தை மாற்றி எழுதக் கிடைத்த அந்த வாய்ப்பிலும் குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் கழிக்கும் நாள்கள் தனியே எண்ணப்படவில்லை.

இந்த உரிமைகளும் அமைப்பு சார்ந்த துறையினருக்குத்தான். நாட்டின் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மையினர் வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டடப் பணியிலும் வீட்டு வேலையிலும் இருப்போர். அவர்களுக்கு என்ன உண்டு? 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையை உரிமையாக்கியது. 2017 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய். கூலி இழப்பை ஓரளவு ஈடுசெய்வதே இதன் நோக்கம் என்று அரசு கூறுகிறது. ஆறு வாரம் மருத்துவமனையில், அதன்பின் மேலும் பல வாரம் வீட்டில் குழந்தையை மார்பில் சுமக்க வேண்டிய கூலித் தொழிலாளிக்கு இது எத்தனை நாள் கூலி?

தந்தையின் நிலை இன்னும் பரிதாபம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள்கள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை. காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த மறைந்த ராஜீவ் சாதவ், தந்தையருக்கும் விடுப்பு உரிமை கோரும் தனிநபர் மசோதாவை 2017-இல் முன்வைத்தார். அது சட்டமாகவில்லை. அதில் வியப்பும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. அவற்றில் கடைசி மசோதா நிறைவேறியது 1970-இல்.

பிரிட்டனில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறந்த 28 நாள்களுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஒரு வாரமோ அதற்கு மேலோ சிகிச்சை பெறும் குழந்தையின் பெற்றோர் இருவருக்கும், வழக்கமான விடுப்புக்கு மேல் 12 வாரங்கள் வரை தனி விடுப்பு அளிக்கும் சட்டம் அங்கே 2023-இல் நிறைவேறியது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது அரசு அல்ல. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சி உறுப்பினர் ஸ்டூவர்ட் மெக்டொனால்ட். அரசு அதை எதிர்க்கவில்லை, ஆதரித்தது. நல்ல யோசனை எந்த வரிசையிலிருந்து வந்தால் என்ன என்ற பெருந்தன்மை நம் அவைகளுக்கு எட்டாத ஒன்றா?

அவையில் எழாத கேள்வி

நாடாளுமன்றத்தில் குழந்தைகளின் மரணம் பேசப்படுவது பெரும்பாலும் பெருந்துயரம் நிகழும்போதுதான். மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் 2021 ஜனவரியில் நேரிட்ட தீ விபத்தில் 10 பச்சிளம் குழந்தைகள் மாண்டன. உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் 2024 நவம்பரில் அதேபோன்ற ஓர் இரவில் 10 குழந்தைகள் மாண்டன. இரங்கல், கண்டனம், விசாரணை, நிவாரணம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், தாயை விட்டுப் பிரிந்து, குளிர்ந்து, தொற்றுக்கு ஆளாகி, ஒவ்வொன்றாக, ஓசையின்றி இறக்கும் குழந்தைகளுக்காக அவை ஒத்திவைக்கப்படுவதில்லை.

சிசு மரணம் குறித்து உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர்கள் தரும் எழுத்துப்பூர்வ பதில்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை சிகிச்சைப் பிரிவுகள், இத்தனை கோடி ஒதுக்கீடு, இத்தனை லட்சம் குழந்தைகளுக்குச் சிகிச்சை. ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் செல்வதும் அதில் இடம்பெறும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆறு முறை வீட்டில் சென்று பார்க்கும் ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை 250 ரூபாய் என்பது அடுத்த வரியில் இருக்கும். கங்காரு பராமரிப்பு வீட்டிலும் தொடர வேண்டுமானால் அதைக் கண்காணிக்க வேண்டியவர் அவர்தான்.

வெப்பமூட்டும் கருவிகளை எண்ணுவது எளிது. அவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி உண்டு, ரசீது உண்டு, திறப்பு விழா உண்டு. தாயின் மார்புக்கு ஒப்பந்தப்புள்ளி இல்லை. எனவே அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவிலும் குழந்தைப் படுக்கைக்கு ஒரு தாய்ப் படுக்கை என்பதை நிதி ஒதுக்கீட்டின் நிபந்தனையாக்கலாம். குழந்தை வீடு திரும்பும் நாள் வரை தாய்க்கு உணவு என்று ஒரு வரியைத் திருத்தலாம். மருத்துவமனையில் கழியும் நாள்களை மகப்பேறு விடுப்பில் கழிக்காமல் விடலாம். அமைப்புசாராத் துறையில் உள்ள தாய்க்குக் குறைமாதக் குழந்தை பிறந்தால், அந்த வாரங்களுக்குக் கூலி இழப்பீடு தரலாம். இவற்றுள் சில அமைச்சகத்தின் ஓர் ஆணையில் முடிபவை. சில சட்டத் திருத்தம் வேண்டுபவை. எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. அது சப்தர்ஜங்கில் முடிந்துவிட்டது.

அரசுக்கு இதில் தயக்கம் இருக்கலாம். செவிலியர் பற்றாக்குறை உண்மை. இடப் பற்றாக்குறையும் உண்மை. ஆனால், தாய் அருகில் இருந்தால் குழந்தையின் நிறம் மாறுவதையும் மூச்சு தடுமாறுவதையும் முதலில் காண்பவள் அவளே. ஒரு செவிலியர் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியுள்ள வார்டில், ஒரே குழந்தையை மட்டும் நாள் முழுவதும் கவனிக்கும் ஒருவரை வெளியே நிறுத்திவைக்கும் சிக்கனம் எத்தகையது என்பதை ஆட்சியாளர்கள் சிந்திக்க வேண்டும்.

அவை கூடும் நாள்களில் முற்பகல் கேள்வி நேரம் தொடங்குகிறது. எத்தனை சிகிச்சைப் பிரிவுகள் என்ற கேள்விக்கு அமைச்சகத்திடம் விடை தயாராக உள்ளது. அவற்றில் தாய்க்கு எத்தனை படுக்கைகள் என்று ஓர் உறுப்பினர் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அமைச்சர் விடை தேடத் தொடங்கும் நாளில், தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு வார்டின் கதவு திறக்கத் தொடங்கும்.